வலது முழங்கால்

பணியாரக் கல்தான் நினைவுக்கு வரும்.
அதைவிடப் பொடிசு. கண்ணாடி மாதிரி அகர்,
விரல் நகம் அகலத்தில் எண்பத்தொரு குழி.
குழிக்கு ஆயிரம் செல் வீதம் ஊற்றிவிட்டுக்
கையுறையைக் கழற்றுவேன்.
மிச்சம் என் வேலை இல்லை.

ராத்திரியில் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும்.
பசை இல்லை, நூல் இல்லை.
காலாப்பட்டுக் கடல் சுவருக்கு அந்தப் பக்கம்
இரைந்துகொண்டே இருக்கும்.
விடிந்து பார்த்தால் குழிக்கு ஓர் உருண்டை,
கடுகில் கால்.

ஒரே கட்டியாய்ப் பெரிதாக வளர்த்தால் என்ன?
முதல் வருஷம் நானும் கேட்டேன்.
வளர்த்தும் பார்த்தேன்.
வெளியே பளபளவென்று இருந்தது.
குறுக்கே வெட்டினால் நடு முழுக்கச் சாவு.
உள்ளே இருந்தவற்றுக்கு மூச்சு எட்டவில்லை.
விளிம்பில் இருந்தவை
அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

"சின்னச் சின்னதா வளத்து
அப்புறம் பக்கத்துல வையேன்டி,"
என்றாள் பெர்னதேத், டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

வைத்தேன்.
முதல் நாள் தொட்டுக்கொண்டு நின்றன.
மறுநாள் இடுப்பு மெலிந்த வேர்க்கடலை.
மூன்றாம் நாள் நுண்ணோக்கியில்
எது எங்கே முடிந்தது என்று தேடினேன்.
கிடைக்கவில்லை.

குப்பியின் மூடியில் இவ்வளவுதான்:
கொ–14. பெண். 58. மீன் வியாபாரம்.
வலது முழங்கால்.
மாற்று அறுவையில் வாளிக்குப் போகவிருந்த சீவல்.
சம்மதப் படிவத்தை ஒரே ஒரு தரம் பார்த்தேன்.
பெயரை மறைத்திருந்தார்கள்.
கையெழுத்து இடத்தில் கட்டைவிரல்,
ரேகை தேய்ந்துபோய் மை மட்டும்.

முப்பது வருஷம் குந்தி எழுந்த கால்.
என் பெட்டிக்குள் சுமையே கிடையாது.
சுமை இல்லாத குருத்தெலும்பு
மெத்தென்றே நின்றுவிடும் என்பதால்
பத்தாம் நாளிலிருந்து ஒரு குட்டி இயந்திரம்
அதை அமுக்கி அமுக்கி எடுக்கும்,
தினம் ஒரு மணி நேரம், நடக்கிற மாதிரி.
அவள் நடையின் வேகம் தெரியாது.
என் நடையை வைத்துக்கொண்டேன்.
விநாடிக்கு ஒன்று.

புயல் ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
ஈ.சி.ஆரில் மரம். நான் முத்தியால்பேட்டையில்.
காவலாளி செங்கேணி போனில் கத்தினார்:
"உங்க பொட்டி அழுவுது மேடம்.
கதவத் தொறக்கல. என் கம்பளியச் சுத்திவுட்டேன்."
முப்பத்தேழு, முப்பத்தொன்றரைக்கு இறங்கி
விடியற்காலை மெல்ல ஏறியது.
பாதி போயிற்று.
மீதி, சேர்வதை நிறுத்தவில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஒரு சட்டைப் பொத்தான்.
பார்க்க வேண்டுமென்றால் கொல்ல வேண்டும்.
சரிபாதியை ஃபார்மலினில் போட்டேன்.
சீவி, சாயம் ஏற்றி, சிலைடில் வைத்தால்
சிவப்பு.
நடுவிலும் சிவப்பு.
பெர்னதேத்தைக் கூப்பிடாமல்
கொஞ்ச நேரம் நான் மட்டும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில்
கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைமேல் ஒருத்தி,
கால் ஒன்றை நீட்டியபடி
சங்கரா செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
அறுபதுக்குள் இருக்கும்.
"ஆப்ரேசன் பண்ண காலு, குந்த முடியல," என்றாள்
நான் கேட்காமலே.
புடவை ஒதுங்கிய இடத்தில் நெட்டுக்குத் தழும்பு.

இடது கால்.

அரைக் கிலோ வாங்கினேன்.
ஐஸ் எடுக்க எழுந்து போனாள்.
எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.
பதினோரு அடி, பதினாறு விநாடி.

இவள் இல்லை, தெரியும்.
மறுநாள் புதுத் தட்டுக்கு
இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து வைத்தேன்.
குறிப்பேட்டில்
காரணம் என்ற கட்டம்
இன்னும் காலி.